கயோட்டி மிதித்தும் மூடாத பொறி: ஒன்டாரியோ ஆட்டுப் பண்ணையில் ஒரு பனிக்காலம்

பொறியின் நடுவில், மிதிதட்டுக்கு நேர் மேலே, கயோட்டி என்ற ஓநாய் இன மிருகத்தின் முன்னங்கால் தடம். நான்கு விரல்களும் முன்னிரண்டு நகங்களின் கீறலும் தெளிவாகத் தெரிந்தன. பொறி மட்டும் வாயைத் திறந்தபடியே கிடந்தது. சில நாள் முன்னால் வேறொரு இடத்தில் வைத்த பொறியிலும் இதே கதைதான். பண்ணைக்காரரின் மகன் இரண்டையும் பார்த்துவிட்டு, இது மகா தந்திரக்கார மிருகம், நம்மால் ஆகாது என்ற முடிவுக்கு வந்திருந்தான். எனக்கு இதில் ஆர்வம் பிடித்ததே அங்கேதான். அவ்வளவு தந்திரம் தெரிந்த மிருகம் பொறியின் மேல் ஏறி ஏன் நிற்க வேண்டும்?

இடம், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒட்டாவாவுக்குத் தென்மேற்கே இருக்கும் லானார்க் வட்டாரம். பண்ணையின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், சரி. நடுத்தர அளவில் ஒரு செம்மறிப் பண்ணை, சுற்றி வைக்கோலுக்காகப் புல் வளர்க்கும் வயல்கள், வடக்கே சிடார் மரங்கள் அடர்ந்த சதுப்பு, அதைத் தாண்டி மேப்பிள் காடு. டிசம்பரில் பனி விழுந்து நிலைத்த பிறகு ஆடுகள் சாக ஆரம்பித்தன. கோழிகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தோலுக்காகப் பொறி வைக்கிற பெரியவர் ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார், உரிமம் உள்ளவர், இதில் பழம் தின்று கொட்டை போட்டவர். கடைசியில் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் செய்ததையும் சொன்னதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். முதல் தடவை பனியில் பொறி வைக்கப் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய முக்கால்வாசி விஷயம் இந்த ஒரு பண்ணையிலேயே கிடைத்துவிட்டது.

மிருகங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. கயோட்டி, உருவத்தில் ஓநாய்க்கும் நரிக்கும் நடுவில். வட அமெரிக்கக் கண்டத்தின் மேற்குச் சமவெளியைச் சேர்ந்த மிருகம் இது. மனிதர்கள் ஓநாய்களைக் கொன்று காட்டையும் வெட்டிய பிறகு கிழக்கே பரவி, போகிற வழியில் ஓநாய்களோடு கலந்து, இங்கே வந்து சேரும்போது உடம்பும் பெருத்துவிட்டது. இந்தப் பகுதிக் கயோட்டி 15 முதல் 20 கிலோ வரை சாதாரணமாக இருக்கும். செந்நரி அதில் மூன்றில் ஒரு பங்குதான், நான்கைந்து கிலோ. ஆனால் பனிக்கால ரோமத்தோடு பார்த்தால் அதன் இரண்டு மடங்காகத் தெரியும். கயோட்டி இருக்கிற இடத்தில் செந்நரிக்கு நிம்மதி கிடையாது, மாட்டினால் கொன்றுவிடும். அதனால் நரி, மனிதர் நடமாட்டம் உள்ள வீடு, கொட்டகைப் பக்கம் ஒண்டிக்கொள்ளும். இந்தப் பண்ணையிலும் அப்படித்தான்: வயலும் சதுப்பு ஓரமும் கயோட்டிக்கு, கொட்டகையும் வைக்கோல் அடுக்கும் நரிக்கு.

முதலில், யார் கொன்றது?

பெரியவர் வந்ததும் பொறியைப் பற்றிப் பேசவே இல்லை. கடைசியாகச் செத்த ஆட்டைக் காட்டச் சொன்னார். கத்தியை எடுத்துத் தொண்டைப் பகுதித் தோலை உரித்தார். வெளியே கம்பளிக்குள் ஒன்றுமே தெரியவில்லை, உள்ளே தோலின் அடிப்பக்கம் முழுக்க ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது, தாடைக்குக் கீழே பல் இறங்கிய ஓட்டைகள். செத்த உடம்பைக் கடித்தால் இப்படி ரத்தம் கட்டாது. இதயம் துடித்துக்கொண்டிருந்தபோது விழுந்த கடி இது. தொண்டையைக் கவ்வி மூச்சை அடைக்கிறது கயோட்டியின் வழக்கம், அப்புறம் விலாவுக்குப் பின்னால் வயிற்றுப் பக்கம் திறந்து தின்னும். நாய் கொன்றிருந்தால் தொடை, காது, பின்பக்கம் என்று கண்ட இடத்தில் கிழிந்திருக்கும், பல நேரம் தின்னாமலேயே போய்விடும். நரி, வளர்ந்த செம்மறியைத் தொடாது. பிறந்த குட்டியையும் கோழியையும்தான் தூக்கும்.

இந்தச் சோதனையைப் பல பேர் செய்வதே இல்லை. தடம் இருந்தது, ஆடு செத்துக் கிடந்தது, ஆகவே கயோட்டி என்று முடித்துவிடுவார்கள். நோயில் செத்த ஆட்டைக் கயோட்டி வந்து தின்றிருக்கலாம் அல்லவா? ஒன்டாரியோவில் காட்டு விலங்கால் கால்நடை இழந்தவர்களுக்கு இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. உள்ளூராட்சியின் ஆய்வாளர் வந்து பார்ப்பார், அவர் கேட்பதும் இதே ஆதாரத்தைத்தான். உடனே சொல்ல வேண்டும், படம் எடுத்து வைக்க வேண்டும், உடம்பை மூடிப் பாதுகாக்க வேண்டும்.

உரித்த பிறகு பெரியவர் கேட்ட கேள்விதான் முக்கியம். "செத்த ஆடுகளை எங்கே போடுகிறீர்கள்?" கொட்டகைக்குப் பின்னால், எருக்குவியலுக்குப் பக்கத்தில், இலையுதிர் காலத்திலிருந்தே இரண்டு மூன்று உடல்கள் கிடந்தன. தரை உறைந்துவிட்டால் புதைக்க முடியாது, வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். பண்ணையில் செத்த கால்நடையை 48 மணி நேரத்துக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்பது ஒன்டாரியோ விதி. கயோட்டிகள் முதலில் இந்த விருந்துக்கு வந்து பழகி, அங்கிருந்து பத்தடி தள்ளி உயிரோடு நின்ற ஆட்டைப் பார்த்திருக்கின்றன. பெரியவர் முகத்தைச் சுளித்தாரே தவிர எதுவும் சொல்லவில்லை. அடுத்த நாள் உடல்களை எடுத்துப்போக வண்டி வந்தது.

தோண்டிப் பார்த்தது

அப்புறம்தான் பொறிக்கு வந்தார். மகன் வாங்கி வைத்திருந்த பொறி நல்ல பொறிதான். எம்பி-550 என்று கயோட்டிக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்துகிற, நான்கு சுருள்வில் போட்ட கால்பொறி, மிதித்தால் இரண்டு இரும்புத் தாடைகள் மூடிக் காலைக் கவ்வும். மிருகத்தை இழுக்கும் வாசனை மருந்தும் காசு கொடுத்து வாங்கிய நல்ல சரக்கு. வைத்த முறையும் புத்தகப்படி சரி: சாய்வாக ஒரு குழி தோண்டி, அடியில் இரையும் மருந்தும் போட்டு, குழியின் வாய்க்கு முன்னால் பொறியைப் புதைத்து, மேலே மண் சலித்துப் போட்டிருக்கிறான். அக்டோபரில் இதே பொறி இதே இடத்தில் வேலை செய்திருக்கும்.

பெரியவர் மண்வெட்டியால் சுற்றிலும் கொத்தி, பொறியைக் கட்டியோடு பெயர்த்துத் தூக்கினார். அது பொறியாக வரவில்லை. ஒரு தட்டையான பாளமாக வந்தது, மண், பனி, இரும்பு எல்லாம் சேர்ந்து. மிதிதட்டுக்குக் கீழே விரல் நுழைகிற இடைவெளி இருக்க வேண்டும், அங்கே கண்ணாடி போல் ஐஸ் நிரம்பியிருந்தது. தாடைகளின் அச்சு முனையிலும் ஐஸ். கட்டை விரலால் தட்டை அழுத்தினார், அசையவில்லை. பூட்ஸ் காலால் ஏறி நின்றார். அப்போதும் அசையவில்லை. இத்தனை எடையுள்ள மனிதனுக்கே மூடாதது 15 கிலோ மிருகத்துக்கா மூடப்போகிறது என்று சிரித்தார். கயோட்டி ஏமாந்துதான் இருக்கிறது, அதுவும் இரண்டு முறை.

உறைந்ததற்குக் காரணம் ஒன்றல்ல, மூன்று. பனியில் தோற்கிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்ற இரண்டை விட்டுவிடுவார்கள் என்பதால் மூன்றையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

மண்ணின் ஈரம் எல்லோருக்கும் தெரிந்தது. பார்வைக்குக் காய்ந்த மண்ணிலும் ஈரம் இருக்கும், இரவில் மைனஸ் 20க்குப் போகும்போது அந்த ஈரமே பசை. இரண்டாவது காரணம் பலருக்கும் தோன்றாது: பையன் பொறிகளை டிரக்கின் முன்பக்கத்தில், ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறான். கை வலிக்காமல் இருக்கட்டும் என்று. சூடான இரும்பைப் பனியில் வைத்தால் என்ன ஆகும்? தொட்ட பனி உருகும், தண்ணீர் அச்சுக்குள்ளும் தட்டின் அடியிலும் ஓடும், அரைமணியில் இரும்பு குளிர்ந்ததும் அத்தனையும் ஐஸாகும். பொறியை வைத்துவிட்டு இவன் வயலைத் தாண்டுவதற்குள்ளேயே அது செத்துவிட்டது. பெரியவர் பொறிகளை எப்போதும் டிரக்கின் பின்பக்கத் திறந்த தொட்டியில்தான் போட்டு வருவார். வெளிக்குளிரும் இரும்பும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் ஒரு சொட்டுக்கூட உருகாது.

மூன்றாவது, பனியின் குணம். புதிதாக விழுந்த பனி பஞ்சு மாதிரிதான் இருக்கும், அதைப் பார்த்து இதைப் பொறி மேல் போட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் அதை மண்வெட்டியால் அள்ளிய உடனே படிகங்களின் கைகால் முறிந்து சின்னச் சின்ன மணிகளாகி நெருங்கிவிடுகின்றன. ஒன்றையொன்று தொடுகிற புள்ளிகளில் நீராவி போய்ப் படிந்து உறைந்து பாலம் கட்டுகிறது. உருகவே வேண்டாம், பூஜ்யத்துக்குக் கீழேயே இது நடக்கும். சில மணி நேரத்தில், ஈரம் பட்ட உப்பு ஜாடிக்குள் கட்டியாகிவிடுவதைப் போல மொத்தமும் ஒரே கட்டி. சாலைப் பனியைத் தள்ளும் வண்டி ஒதுக்கிய பனியை மறுநாள் அள்ளிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆக, கை வைத்த பனியைப் பொறியின் மேல் தடிமனாகப் போடுவது தற்கொலை. மேலே சலித்துத் தூவுகிற மெல்லிய படலத்துக்கு மேல் போகக் கூடாது.

பெரியவர் வைத்த விதம்

அவர் கொண்டுவந்த வாளியில் மெழுகு மண் இருந்தது. கோடையில் நல்ல வெயிலில் மணலைக் காயவைத்துச் சலித்து, பாரஃபின் மெழுகுத் துருவலோடு கலந்து சூடாக்கி, மெழுகு உருகி ஒவ்வொரு மணியிலும் ஏறும் வரை புரட்டிப் புரட்டி எடுப்பது. எடையில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்று மெழுகு. கான்கிரீட் கலக்கும் இயந்திரத்தில் போட்டுச் செய்கிறவர்களும் உண்டு. தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது, அதனால் மணிகள் ஒட்டிக்கொள்வதில்லை, பகலில் உருகி இரவில் உறைகிற ஜனவரியில் கூடப் பொலபொலவென்றே இருக்கும். இது இல்லாதவர்கள் நன்றாகக் காய்ந்த பீட் பாசித்தூள் பயன்படுத்துவார்கள். லேசானது, கடுங்குளிருக்கு நன்றாகவே போதும், ஆனால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், மழை பெய்தால் ஸ்பஞ்சாகிவிடும். மண்ணில் உப்பு கலக்கிற பழைய முறையும் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. இரும்பைத் தின்கிறது, சுற்றியுள்ள பனியை உருக்கி வெள்ளையில் கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுக்கிறது, காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கிறது. உறைவதைத் தடுக்கும் திரவமான புரோப்பிலீன் கிளைக்கால் தெளிக்கலாம். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் மட்டும் வேண்டவே வேண்டாம், அது இனிப்பு, நக்குகிற நாய் செத்துப்போகும்.

வைத்த இடங்களும் மாறின. சமவெளியின் நடுவில், முழங்கால் ஆழப் பனியில் பொறி வைப்பதில் அர்த்தமில்லை என்று அவர் முதலில் கேட்டது, காற்று பனியைத் துடைத்துக்கொண்டு போகிற மேடு எங்கே என்று. வயலின் ஓரத்தில் ஒரு மேடு புல்நுனி தெரியும்படி கிடந்தது. பழைய வைக்கோல் உருண்டைகள் மக்கிக் கிடந்த இடம் இன்னொன்று. மக்குகிற பொருளுக்குச் சொந்தச் சூடு உண்டு, பக்கத்துத் தரை அவ்வளவு கெட்டியாக உறைவதில்லை, எலி இருக்கும், எலி இருந்தால் நரி வரும்.

ஆனால் கயோட்டி பிடிபட்டது மூன்றாவது இடத்தில். அங்கே இரையும் இல்லை, மருந்தும் இல்லை. சதுப்பு ஓரமாகப் பண்ணைக்காரர் விறகுக்குப் போய்வரும் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) தடம் ஒன்று இருந்தது. ஆழப்பனியில் கயோட்டியின் சின்னப் பாதம் ஒவ்வொரு அடிக்கும் அமுங்கும், சக்தி வீணாகும். அழுத்திக் கெட்டியான பாதை கிடைத்தால் அதைத்தான் பிடிக்கும். தடத்தில் பார்த்தால் ஒரே வரிசையில், பின்கால் முன்காலின் குழியிலேயே விழுந்து, நேராக, வேலைக்குப் போகிற ஆள் மாதிரி போயிருந்தன. வீட்டு நாய் இப்படி நடக்காது, அலைந்து முகர்ந்து திரும்பி வரும். கயோட்டித் தடம் ஏழு சென்டிமீட்டர் அளவு நீளம், நீள்வட்டமாக ஒடுங்கியிருக்கும். செந்நரியினுடையது ஐந்து, ஐந்தரை, அதுவும் உள்ளங்காலில் ரோமம் மூடியிருப்பதால் கலங்கலாகத் தெரியும், முன்காலின் அடித்திண்டில் குறுக்கே ஒரு கோடு மட்டும் அழுத்தமாக விழும்.

பாதை ஓரத்தில் சாய்ந்த மரக்கிளை ஒன்று இருந்தது, அதற்கு முன்னால் எல்லாத் தடங்களும் ஒரே இடத்தில் காலை ஊன்றியிருந்தன. பெரியவர் அந்தக் காலடித் தடத்தைத் தொடவில்லை. ஸ்னோமொபைலை விட்டு இறங்காமல், அதன் மேலேயே மண்டியிட்டு, பக்கவாட்டிலிருந்து சின்னக் கரண்டியால் தடத்துக்கு அடியில் குடைந்தார். மேலே இரண்டு விரல் கனத்துக்குக் கூரையாகப் பனி நிற்கும்படி. குடைந்த பொந்தின் தரையை அமுக்கி மட்டமாக்கி, மெழுகுத் தாள் விரித்து, மெழுகு மண் ஒரு கை தூவினார். பொறியையும் முன்பே சாயத்தில் காய்ச்சி மெழுகில் முக்கியிருந்தார், துருவும் பிடிக்காது, தாடை வழுக்கிக்கொண்டும் மூடும். மிதிதட்டின் அடியில் கொஞ்சம் பஞ்சு செருகினார், பனித்தூள் உள்ளே இறங்கி அடைத்துக்கொள்ளாமல் இருக்க. மேலே இன்னொரு மெழுகுத் தாள். பிறகு பொறியைக் கூரைக்கு அடியில் தள்ளி, பக்கத்து ஓட்டையை அடைத்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தன் கைத்தடத்தை அழித்தார். கூரையைக் கீழிருந்து சுரண்டி மெல்லியதாக்கியும் விட்டார், அது கெட்டியாகிக் கயோட்டியைத் தாங்கிவிடக் கூடாதே. மேலே பழைய கயோட்டித் தடம் அப்படியே இருந்தது. வேலை முடிந்த பிறகு எனக்கு அந்த இடமே தெரியவில்லை, கிளையை வைத்துத்தான் அடையாளம் பிடித்தேன்.

தட்டின் இறுக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கயோட்டிக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ அழுத்தம் வைத்தால் அணில், முயல் போன்ற சின்ன உருப்படி மிதித்து மூடாது. நரிக்கு அது அதிகம், ஒரு கிலோ போதும். ஒரே பொறியில் இரண்டையும் பிடிக்க நினைத்துச் சராசரி போடுகிறவர்கள் நரியைத் தப்பவிடுவார்கள், அல்லது முயலைப் பிடிப்பார்கள். இந்தப் பண்ணையில் தனித்தனியாகவே வைத்தார்கள்.

நங்கூரம் இன்னொரு தலைவலி. உறைந்த தரையில் கம்பி முளை இறங்காது, இறங்கினால் வசந்தம் வரை வெளியே வராது. பெரியவர் இரண்டரை மீட்டர் சங்கிலியின் நுனியில் இரட்டைக் கொக்கி போட்ட இழுவையைக் கட்டிப் பனிக்குள் புதைத்தார். பிடிபட்ட மிருகம் கொஞ்ச தூரம் இழுத்துப்போய்ப் புதரில் சிக்கி நிற்கும், பாதையும் கெடாது. பனியில் இழுவைத் தடம் தெளிவாகத் தெரிவதால் தேடுவதும் சுலபம். நடுவில் சுழல்வளையங்கள் கட்டாயம். மிருகம் சுற்றும்போது சங்கிலி முறுக்கினால் கால்தான் முறியும்.

நரி

கோழிக் கொட்டகைக்குப் பின்னால் இறகு சிதறல், சின்னத் தடம், வைக்கோல் உருண்டையின் மூலையில் மஞ்சள் கறை. செந்நரிகளின் இணைசேரும் காலம் ஜனவரி, பிப்ரவரி. அப்போது எல்லை குறிப்பதில் வெறியாக இருக்கும், துருத்திக்கொண்டு நிற்கிற எதன் மேலும் மூத்திரம் அடிக்கும். கயோட்டிக்கும் கிட்டத்தட்ட இதே பருவம்தான். சாப்பாட்டு வாசனையைவிட அந்நிய நரியின் மூத்திர வாசனைக்குத்தான் இந்த நாட்களில் மதிப்பு. அதனால் பெரியவர் குழியும் தோண்டவில்லை, இரையும் வைக்கவில்லை. அதே மூலையில் கடைச்சரக்கு நரி மூத்திரத்தைச் சில சொட்டு விட்டு, அதற்கு ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில், ஒன்றரை எண் சின்னப் பொறியை மக்கிய வைக்கோல் தூசியில் புதைத்தார். உருண்டையின் மறைவில் பனியும் அதிகம் சேராது.

நரி ஒன்று மாட்டியது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோழிக்கூட்டின் கம்பிவலையை ஒரு முழம் மண்ணுக்குள் இறக்கியிருந்தால் அந்த வேலைக்கே தேவை வந்திருக்காது, நரி இருக்கிற வரை எலி மருந்தும் வாங்க வேண்டியிருக்காது. பனிக்கு அடியில் ஓடும் வயலெலியைக் காதால் கேட்டு, எகிறிக் குதித்து மூக்கால் குத்துகிற மிருகம் அது. செக் நாட்டில் அந்தப் பாய்ச்சலை ஆராய்ந்து 2011ல் வெளியிட்டவர்கள், வடகிழக்கு நோக்கிப் பாயும்போது மற்ற திசைகளைவிடக் குறி தப்புவது குறைவு என்று கண்டார்கள், பூமியின் காந்தப்புலத்தை அது உணர்கிறது என்பது அவர்கள் ஊகம். பண்ணைக்காரருக்கு இதையெல்லாம் கேட்கப் பொறுமையில்லை. கோழி போனது அவருக்குத்தானே.

சட்டம், குளிர், நாய்

ஒன்டாரியோவில் சொந்தச் சொத்தைச் சேதப்படுத்தும் விலங்கிடமிருந்து காத்துக்கொள்ள நில உரிமையாளருக்குச் சட்டம் இடம் தருகிறது, உரிமம் உள்ள பொறிக்காரரைத் தன் சார்பில் வைத்துக்கொள்ளவும் முடியும். தோலுக்காகப் பொறி வைக்க வேண்டுமானால் அதற்கென்று உள்ள பயிற்சியை முடித்து உரிமம் எடுக்க வேண்டும். பல் வைத்த தாடைகள் கூடாது. உயிரோடு பிடிக்கும் பொறியைத் தினமும் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும். அல்கோன்குயின் பூங்காவைச் சுற்றிய ஊர்களில் கயோட்டியையே தொடக் கூடாது, அங்குள்ள பாதுகாக்கப்பட்ட கிழக்கு ஓநாயையும் அதையும் கண்ணால் பிரித்தறிய முடியாது என்பதால். கனடா 1997ல் ஐரோப்பிய ஒன்றியத்தோடும் ரஷ்யாவோடும் செய்துகொண்ட, மிருகத்தை வதைக்காத பொறிகளுக்கான தர ஒப்பந்தத்தில் கயோட்டி இருக்கிறது, செந்நரி இல்லை. ஆகவே கயோட்டிக்கு எந்தப் பொறி சான்று பெற்றது என்று பார்த்து வாங்குவது நல்லது. விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் மாறும், பருவத்துக்குப் பருவமும் மாறும், வருடா வருடம் வெளிவரும் சுருக்கப் புத்தகத்தைப் படிக்காமல் பொறியைத் தொடாதீர்கள்.

தினமும் பார்ப்பது விதிக்காக மட்டும் இல்லை. இரும்பு வெப்பத்தை வேகமாகக் கடத்தும், தாடை அழுத்திய பாதத்துக்கு ரத்தமும் குறைவாகவே போகும். மைனஸ் 25ல் அந்தக் கால் சில மணி நேரத்தில் உறைந்து கெட்டுப்போகலாம். பெரியவர் விடிவதற்கு முன்னாலேயே கிளம்பினார். கடுங்குளிர் வரப்போகிறது என்று வானிலை அறிக்கை சொன்ன இரவுகளில் பொறிகளை மூடியே வைத்தார். இந்த ஒன்றுக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. பிடிபட்ட மிருகத்தைத் தலையில் ஒரே குண்டில் முடித்தார், பக்கத்தில் போய்ப் படம் எடுப்பதெல்லாம் இல்லை.

நாய் மாட்டுவது நடக்கக்கூடியதுதான், பொறி வைக்கும் முன் அண்டை வீட்டுக்காரர்களிடம் சொல்லியாக வேண்டும். மாட்டிய நாயின் தலையில் கோட்டைப் போட்டு மூடி, பொறியின் இரண்டு பக்க நெம்புகோல்களையும் ஒரே நேரத்தில் காலால் மிதித்தால் தாடை திறக்கும். வீட்டில் உள்ள எல்லோரும் ஒருமுறை வெறும் பொறியில் பழகிக்கொள்ளட்டும். இரையை வானம் பார்க்கக் கிடத்தக் கூடாது, குளிர்காலத்தில் வெண்தலைக் கழுகுகள் செத்த இறைச்சிக்கு அலையும், கண்ணால் பார்த்து இறங்கும்.

என்ன ஆனது

சதுப்புப் பாதையில் ஒரு கயோட்டி, பிறகு மேட்டில் வைத்ததில் இன்னொன்று. ஜனவரி நடுவில் மழை பெய்து மறுநாளே உறைந்தபோது, எல்லாவற்றையும் எடுத்து, காயவைத்து, மறுபடி வைக்க வேண்டியிருந்தது. மெழுகு மண் போட்டிருந்தவை மட்டும் தட்டியதும் மூடின. ஆடு சாவது நின்றது. ஆனால் அதற்குப் பொறிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். உடல்களை அகற்றியது, இரவில் ஆடுகளைக் கொட்டகைக்குள் அடைக்க ஆரம்பித்தது, பொறி மூன்றும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடந்தன, எதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. பிப்ரவரியிலேயே சதுப்பு ஓரத்தில் புதிய தடம் விழுந்தது. காலியான இடத்துக்கு நிலமில்லாமல் திரியும் இளசுகள் வந்துவிடும். வருடத்துக்கு நான்கில் மூன்று பங்கைக் கொன்றால்தான் கயோட்டிக் கூட்டம் அற்றுப்போகும், அதற்கும் ஐம்பது வருடம் பிடிக்கும் என்று 1975ல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஆட்டைக் கொன்று பழகிய குறிப்பிட்ட மிருகத்தை எடுக்கப் பொறி நல்ல கருவி, ஊரையே கயோட்டி இல்லாமல் ஆக்க அது உதவாது.

தோலை விற்றுச் செலவை எடுக்கலாம் என்று பையன் கணக்குப் போட்டிருந்தான். அந்தக் காலம் போய்விட்டது. குளிர்கோட்டின் தலைமறைப்புக்குக் கயோட்டி ரோமம் வைத்த கனடா கூஸ் நிறுவனம் 2021ல் ரோமத்தைக் கைவிடுவதாக அறிவித்தது, அதற்கு முன்பே 2019ல் பெரிய தோல் ஏல நிறுவனம் ஒன்று நொடித்துப்போனது. பெட்ரோல் காசு வந்தால் பெரிது.

பண்ணைக்காரர் வசந்தத்தில் இரண்டு பிரனீஸ் காவல் நாய்க்குட்டிகள் வாங்கினார், அவை ஆட்டோடு ஆடாக வளர்கின்றன. குட்டி ஈனும் ஆடுகளுக்கு மின்வேலி போட்டாகிவிட்டது. பையன் பொறியை விடவில்லை. ஆகஸ்டில் மணலைக் காயவைத்து மெழுகேற்றி மூடி போட்ட வாளிகளில் எடுத்து வைத்தான், பயிற்சி வகுப்பில் சேர்ந்தான். தரை இளகி இருக்கும்போதே, அக்டோபரில், மேட்டிலும் வைக்கோல் மூலையிலும் நங்கூரங்களை அடித்து இறக்கி, பொறிக்கான குழிகளையும் முன்கூட்டியே வெட்டிக் காய்ந்த தூசியால் நிரப்பிப் பலகை போட்டு மூடியிருக்கிறான். பொறிகள் வெளியே, வடக்குப் பக்கக் கூரைத் தாழ்வாரத்தில் தொங்குகின்றன.